யார் ஆய்வது?

கோபிநாத் ஒரு மாதமாக ஷிப்டுக்கு வரவில்லை. கேன்சராம் என்று நேற்றுதான் கம்பெனி பஸ்ஸில் சொன்னார்கள். வாழைப்பூவில் கேன்சரை எதிர்க்கும் சத்து இருக்கிறது என்று எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வேர்டு வேறு வந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் பெரிதாக இரண்டு பூ வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

கோபி கட்டிலில் படுத்திருந்தான். அவன் மனைவி சௌந்தர்யா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பூவாக நரம்பைக் கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் கறுத்திருந்தது.

என் பையைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டாள்.

"நீங்களுமாண்ணா? வர்றவங்க எல்லாம் இதையே தூக்கினு வர்றீங்க. இனிமே ஒண்ணுகூட ஆய மாட்டேன்."

"ஆசையா வாங்கினு வந்துகீறான், இன்னா பேச்சு இது?" என்றான் கோபி.

"அப்போ நீயே ஆயேன்."

எனக்குச் சுருக்கென்றது.

"இவ்ளோ வீம்பு ஆவாதும்மா. உடம்பு முடியாதவங்களுக்காக இதுகூடச் செய்யக் கூடாதா?"

"நல்லா செய்யலாமே!"

தலையிலிருந்த துண்டை உருவினாள். ஒரு முடிகூட இல்லை.

"கேன்சர் எனக்குண்ணா. என்னைப் பாத்துக்கறேன்னு லீவு போட்டவருதான் அதோ கட்டில்ல கீறாரு."

கோபி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். முறம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது.

"ரெண்டு பேரும் ஆயுங்க. வாயில ஒரு நரம்பு தட்டுச்சு, மறுபடியும் முதல்லேருந்து ஆய வெப்பேன்."