வேலாயிக்குத் தூரம்

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்க்கா! இந்த வயசுல உனக்கு என்ன தூரம்?"

சுசீலா கேட்ட கேள்வியில் வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

வேலி கேட்டைப் பிடித்தபடி நின்ற வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். "நெசமாத்தான் சுசீலா, வீட்டுக்குத் தூரமா இருக்கேன். அடுத்த தடவ வாரேன்."

"போன தடவயும் இதையேதான சொன்ன?"

"போன தடவயும் தூரந்தான்."

"அடேங்கப்பா! பேரன் எடுத்தாச்சு, இனிமே மஞ்சத் தண்ணி ஊத்திச் சடங்கு வச்சிர வேண்டியதுதான் லா!" என்றாள் பின் சீட்டிலிருந்த திலகவதி. மறுபடியும் ஒரே சிரிப்பு.

வேனை எடுத்தாள் சுசீலா. வயிற்றெரிச்சல் அவளுக்கு.

இருக்காதா பின்னே? கூடப் பிறந்த அக்காவைக் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வாரிக் கொடுத்தவள். முற்றிப்போன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இதே வேலையாகத் திரிகிறாள். கோயில் மகளிர் பகுதிக்குத் தலைவியாகி, புருஷன் தனபாலனின் வேனைப் பிடுங்கிக்கொண்டு, தாமான் குடியிருப்புப் பெண்களை அலோர் காஜா கிளினிக்குக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு ஏற்றிப் போகிறாள். நம்ம பெண்களைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமா? தேர் இழுத்துவிடலாம்.

'தூரமா இருந்தா மட்டும் வராதீங்க, அன்னிக்கு டெஸ்ட் எடுக்க மாட்டாங்க' என்று கோயில் மண்டபத்தில் மைக் பிடித்துச் சொன்னவளும் அவள்தான். வேலாயி அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட வாரதில்ல, கவனிச்சியா?" என்றாள் திலகவதி. "பொய்ய உண்மையாக்க சாமியையும் சேத்து ஏமாத்துது."

"வெக்கம் திலகா. உசிரு பெருசா, வெக்கம் பெருசா? எங்கக்காவும் இப்படித்தான் இருந்தா." இந்த வேலாயியையாவது விடக்கூடாது என்று சுசீலா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். திலகவதியையும் மற்றவர்களையும் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக் கூட்டி வந்தாள்.

மறுவாரம் தன் பிரஷர் மருந்து வாங்கப் போனவள், கிளினிக் வாசலிலேயே வேலாயியைப் பார்த்துவிட்டாள். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்க மகனோடு வந்திருந்தாள் வேலாயி.

விடுவாளா சுசீலா? கையைப் பிடித்து, பெண்கள் பிரிவுக்கு இழுத்துக்கொண்டே போய்விட்டாள்.

"மிஸ்ஸி, இவங்கள இன்னிக்கே பாத்துருங்க. வேன் போறப்பல்லாம் ஏமாத்துறாங்க."

நர்ஸ் அகல்யா சிரித்தபடி நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்கம்மா. சும்மா கொஞ்ச நேரந்தான், பயப்படாதீங்க."

வேலாயி உட்காரவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பயமில்ல மிஸ்ஸி. வரணும்னு எனக்கும் ஆசதான். ஆனா இன்னிக்கும் தூரமா இருக்கேனே."

"பாத்தீங்களா? சொன்னேன்ல!" சுசீலா கையைத் தட்டிச் சிரித்தாள்.

அகல்யா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா, உங்களுக்குத் தூரம் எப்போ நின்னுச்சு?"

"அது என் மவன் கல்யாணத்துக்கு முன்னாடியே நின்னுபோச்சு. இப்போ திரும்ப வந்துருச்சு. தைப்பூசத்துலேர்ந்து விட்டு விட்டுப் போவுது. வயசான காலத்துல சிலருக்கு இப்படி வரும்போலன்னு இருந்துட்டேன்."

சுசீலாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நின்னதுக்கப்புறம் திரும்ப வரக்கூடாதும்மா." அகல்யா மெதுவாகத்தான் சொன்னாள். "ஒண்ணும் பதறாதீங்க. இப்பவே டாக்டரப் பாத்துருவோம், நான் கூட வாரேன். ஆனா இத்தன நாளா இத ஒரு பொம்பளகிட்டகூடச் சொல்லாமலா இருந்தீங்க?"

"சொல்லாம என்ன மிஸ்ஸி?" வேலாயி வெள்ளந்தியாகத் திரும்பிப் பார்த்தாள். "வேன் வந்தப்பல்லாம் நம்ம சுசீலாகிட்டதான சொன்னேன்."