வேலூர் வாடிக்கை

தமிழ்வாணன் தன் ஆரணிப் பட்டுக்கடையின் வெப்சைட்டைப் புதிய கம்பெனிக்கு மாற்றினார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. தீபாவளிக்குத் தவறாமல் சேலை வாங்கும் வேலூர் கலையரசி மட்டும் பதியவேயில்லை. ‘கடைக்காரரே தன் கையால் மடித்து அனுப்பவும்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதுபவள். அவளை விட மனமில்லாமல் போன் செய்து, கடைப் பெயரைச் சொன்னார்.

எடுத்தவன் ஓர் ஆண். கொஞ்சம் தயங்கினான்.

“கலையரசி என் தங்கச்சிங்க. அவ பேர்ல வாங்கினு இருந்தது என் சம்சாரம்.”

“அவங்களாண்ட குடுப்பா. புது சைட்ல எப்படி வாங்கறதுன்னு நானே சொல்றேன்.”

“போன மாசம் காய்ச்சல்ல தவறிட்டாங்க. உங்க கடைச் சேலையத்தான் கட்டி அனுப்பினோம்.”

“அடப் பாவமே! பேரு என்னப்பா?”

“தேவிப்ரியா. உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரல, மாமா.”

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளைப் பார்த்து, “இந்த வீட்டுப் பட்டுல ஒரு நூல்கூட உனக்குக் கெடையாது” என்று கதவைச் சாத்தியவர் அவர்.

இப்போது கேட்டார்: “எந்தச் சேலைப்பா கட்டினீங்க?”