உடைக்காத பூசணிக்காய்

படப்பிடிப்பு முடிகிற நாளில் உடைப்பதற்காக வாங்கிய பூசணிக்காய், ஒன்றரை மாதமாக கேமரா பெட்டிமேல் இருந்து காம்பில் அழுகத் தொடங்கிவிட்டது. ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி. ஹீரோவோ தாடியை மழித்துக்கொண்டு வேறு படத்துக்குப் போய்விட்டான். செல்போனில் பார்த்துப் பார்த்தே சினிமா கற்று, வீட்டை விற்றுப் படமெடுக்கும் செல்லப்பாண்டி, ஹீரோவின் சிவப்புச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு கேமராமேனிடம் சொன்னார்:

“எபி, முதுக மட்டும் எடு. உப்பளத்துக்குள்ள நடந்து போறேன்.”

“கதைப்படி அவன் திரும்பிப் பாக்கணும்ணே.”

“எம் மூஞ்சிய வச்சு என்னல செய்வ?”

நடந்தார். வெயிலில் உப்பு கண்ணைக் கூச வைத்தது. சட்டை சிவப்புப் புள்ளியாகச் சிறுத்துக்கொண்டே போனது. எபி கேமராவை நிறுத்தவில்லை. கட் சொல்ல வேண்டிய டைரக்டரும் செல்லப்பாண்டிதான்.