பந்து வராத வலைகள்

மைதானத்தின் இரண்டு கோல் வலைகளுக்கும் பயிற்சியாளர் அருளப்பனைப் பற்றித்தான் பேச்சு.

“கோல் விடவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார். எப்போதும் தடுப்பாட்டம்தான். இவர் போனால்தான் நமக்கு விடிவு, அண்ணே” என்றது தெற்கு வலை.

“மனைவி இறந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டார். இன்னொன்றை இழக்கப் பயம்” என்றது வடக்கு வலை.

“அதற்காக நாம் கொசுவலையாகத் தொங்க வேண்டுமா?”

அடுத்த வாரம் அவரை நீக்கிவிட்டார்கள். புதியவர் வந்த முதல் ஆட்டத்திலேயே தெற்கு வலைக்குள் மூன்று பந்துகள் பாய்ந்தன. கூட்டம் துள்ளிக் குதித்தது.

எல்லோரும் போன பிறகு வடக்கு வலை கேட்டது: “ஆசை தீர்ந்ததா, தம்பி?”

தெற்கு வலை, அருளப்பன் வழக்கமாக நிற்கும் ஓரத்தைப் பார்த்தது.

“ஒவ்வொரு பந்தும் விழுந்தபோது, அவர் சிரிக்கிறாரா என்றுதான் பார்த்தேன், அண்ணே.”