கட்டம் கொள்ளாத பெயர்

இலங்கையில் கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் தகரக் கூரையில் மழை ஓய்ந்து வெயில் மினுங்குகிறது. தராசின் அருகே டாக்டர் நிலுஷா தன் முதல் ஆராய்ச்சி மானிய விண்ணப்பத்தை விரிக்கிறாள். கொழுந்தெடுக்கும் பெண்களின் இரத்தசோகையை ஆராய அரசாங்கத்திடம் உதவி கேட்கிறாள். நாளை கடைசி நாள். தொழிலாளர் சார்பில் ஒருவரின் சம்மதம்தான் பாக்கி. கொழுந்தெடுத்து வந்த மங்கையர்க்கரசி கூடையை இறக்கிவிட்டுப் பேனாவை வாங்கி, பெயருக்கான கட்டத்தில் பழக்கதோஷத்தில், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் தனக்குள்ள 147 என்ற எண்ணை எழுதுகிறாள். "அது செக்ரோல் நம்பருங்க அக்கா. பேரு எழுதுங்க" என்கிறாள் நிலுஷா. "கவர்மெண்டுல பேரா கேக்குறாங்க?" மங்கையர்க்கரசி சிரித்துக்கொண்டே எண்ணைக் கோடிட்டு அடிக்கிறாள். கறையேறிய விரல்கள் ஒவ்வோர் எழுத்தாக ஊன்றி எழுதுகின்றன. கட்டம் போதவில்லை. பெயர் கோட்டைத் தாண்டி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற இடத்துக்குள் நிமிர்ந்து நடக்கிறது.