மூன்றாவது வரிசை

மூன்று முகாம்களைத் தாண்டி வந்த தச்சர் குடும்பத்துக்கு அன்று காலை ஒரு வீடு கிடைத்தது. ஓராண்டு அனுமதிதான், பிறகு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

மகளுக்கு அன்று பத்து வயது முடிந்தது. ஊரை விட்டுக் கிளம்பும்வரை பிறந்தநாள்தோறும் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் குறித்துவந்த தச்சர், வழியிலேயே ஒரு புதுப் பென்சில் வாங்கிக் காதில் செருகியிருந்தார்.

"அப்பா, ஓடி வாங்க! நம்ம கோடு!" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் மகள்.

புது வீட்டின் கதவு நிலையில் பழைய வீட்டுக் கோடுகள் இருந்தன. வயதை எழுதியிருந்ததும் அவர் கையெழுத்துதான். பத்தாம் வயதுக் கோட்டில் மகளின் உச்சந்தலை கச்சிதமாக நின்றது. அதற்கு மேலும் கோடுகள் பதினெட்டு வரை ஏறின. பக்கத்தில் தம்பியின் வரிசையும் அப்படியே.

"அப்போ நம்மள அனுப்ப மாட்டாங்கப்பா!" அவள் குதித்தாள். "இந்தச் சுண்டெலி என்னையே தாண்டிடுறான் பாருங்க! ஆமா, மூணாவது வரிசை யாருக்கு?"

தச்சர் மனைவியைப் பார்த்தார். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. "ராத்திரி தனியா சொல்லலாம்னு இருந்தேங்க," என்றாள்.

சிரிப்பும் அழுகையுமாக அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். காலையில் வாங்கியது, கட்டைவிரல் நீளம்தான் மிச்சமிருந்தது.