ஐந்தாம் பாகம்

"அஞ்சாவது கேசட்டைக் காணோமா? அப்ப ஆறாவதும் கிடையாது. வரிசை தப்பிப் பாக்குறது என் வீட்டுல நடக்காது!" என்று குதித்தார் ராமநாதன்.

பதுளையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன மகள் கம்சலா வந்த நாளிலிருந்து, அவளுக்குப் பிடித்த ஆறு பாகத் துப்பறியும் படத்தை மாலைக்கு ஒரு பாகமாக வீடே உட்கார்ந்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் அவளுக்கு ரயில்.

"முடிவு பாக்காம எப்படிப்பா போறது?" என்று சிணுங்கினாள் கம்சலா.

மருமகன் திலீபன் சிரித்தான். "சரி மாமா, கேசட் கிடைக்கிற வரைக்கும் லீவை நீட்டிக்கிறேன்."

"தேடுங்க, எல்லாரும் நல்லாத் தேடுங்க!" என்று மறுபடி குதித்தார் ராமநாதன்.

ராமநாதனின் மனைவி மீனாம்பாளுக்குத்தான் குழப்பம். மகளை இன்னும் இரண்டு நாள் நிறுத்திவைக்க அவள் ஒளித்தது ஆறாவது கேசட்டை அல்லவா?

அடுப்படிக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். அது பத்திரமாக இருந்தது. பக்கத்தில் கேசட் அளவில் இன்னொரு பொட்டலம் தட்டுப்பட்டது. பழைய பேப்பரில் சுற்றி, சணல் நூலால் கட்டி, மேலே, கடையில் ராமநாதன் போடும் அதே இரட்டை முடிச்சு.

இரண்டையும் இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"அரிசிப் பானைக்குள்ளகூடப் பாத்துட்டேங்க. இல்லீங்க!"

கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தவரின் சத்தம் சட்டென்று நின்றது.